சி நிரலில் பெயரைக் கொடுத்து முகவரி வாங்க எந்த வழி?

பல வருடங்களுக்கு முன் யாரோ எழுதிய ஒரு சி நிரல் என் கைக்கு வந்து சேர்ந்தது. கடைகளில் இருக்கும் பில்லிங் இயந்திரங்களிலிருந்து அன்றன்றைய கணக்கை வாங்கி மைய சர்வருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு முறை இணைப்பு போடும்போதும் ஏழெட்டு விநாடி அப்படியே உறைந்து நிற்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடும். டிஎன்எஸ்ஸை (பெயரை முகவரியாக மாற்றித் தரும் இணையப் பெயரேட்டை) விசாரிக்கும் டிக் கட்டளையில் சர்வரின் முழுப்பெயரைக் கொடுத்துக் கேட்டால் கண் இமைப்பதற்குள் பதில் வருகிறது. நிரல் கேட்டால் மட்டும் இந்தத் தாமதம்.

உள்ளே திறந்து பார்த்தால் பழைய காலத்து அழைப்புகள் மூன்று. சர்வரின் முகவரிக்கு கெட்ஹோஸ்ட்பைநேம், போர்ட் எண்ணுக்கு கெட்செர்வ்பைநேம், எந்த நெட்வொர்க்கிலிருந்து வருபவர்களை உள்ளே விடலாம் என்ற பட்டியலுக்கு கெட்நெட்பைநேம். மூன்றையும் மாற்றலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் எதற்கு மாற்றுவது என்ற கேள்வி வந்தது. வழிகள் நிறைய. கெட்அட்ர்இன்ஃபோ இருக்கிறது, ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி நூலகத்தில்) உள்ள அதன் உறவுக்காரரான கெட்அட்ர்இன்ஃபோ_ஏ இருக்கிறது, ரெஸ்_குவெரி இருக்கிறது, சி-ஏரிஸ் போன்ற தனி நூலகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஓரளவு முயன்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பழையதிலிருந்தே தொடங்கலாம். கெட்ஹோஸ்ட்பைநேம் 1983இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு பரவியது. டிஎன்எஸ் பற்றிய முதல் ஆர்எஃப்சிகளை (இணையத் தர ஆவணங்களை) பால் மோக்கபெட்ரிஸ் எழுதியதும் அதே 1983இல்தான். அதாவது இந்த ஃபங்ஷன் பிறந்தபோது 'பெயரைத் தேடுவது' என்றால் ஈடிசி கோப்புறையில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிப்பது. அப்போது கணினிகளின் பெயர்ப் பட்டியல் முழுவதையும் ஒரே கோப்பாக அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் பராமரித்து வந்தார்கள். ஊர் ஊராக இருந்தவர்கள் அதை இறக்கிக்கொண்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அழைப்பின் குறைகளில் பாதி இங்கிருந்து வந்தவை. கோப்பு படிக்கும் வேலைக்கு 'எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்' என்ற கேள்வியே எழாது. அதனால் கால வரம்பு கொடுக்க இடமில்லை. அன்றைய யூனிக்ஸ் நிரல்களில் திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழை) என்ற பேச்சு இல்லை. அதனால் விடையை நூலகத்துக்குள்ளேயே ஒரே ஒரு நிலையான இடத்தில் எழுதிவிட்டு அதற்கான பாயின்டரைக் கையில் கொடுக்கும். அடுத்த முறை கூப்பிட்டால் அதே இடத்தில் புதிய விடை மேலே எழுதப்படும். இரண்டு பெயர்களுக்கு விடை வாங்கி, இரண்டு பாயின்டர்களையும் வைத்துக்கொண்டு, முகவரிகள் ஒன்றா என்று ஒப்பிட்டால் எப்போதும் 'ஒன்றுதான்' என்றே பதில் வரும். திரெட்டே இல்லாத நிரலிலும் இந்தக் குழி உண்டு. நான் விழுந்திருக்கிறேன்.

ஐபிவி6 (புதிய, நீண்ட வகை இணைய முகவரி) கிடையாது. பிழை வந்தால் சி நிரல்களில் பிழை எண் இருக்கும் வழக்கமான எர்நோவைப் பார்க்கக் கூடாது, எச்_எர்நோ என்று தனியாக ஒன்றைப் பார்க்க வேண்டும். திரெட்டுக்காக பின்னால் அண்டர்ஸ்கோர் ஆர் சேர்த்த வடிவம் வந்தது. ஆனால் அது லினக்ஸில் ஆறு வாதங்களோடும், சோலாரிஸில் ஐந்தோடும், ஏஐஎக்ஸில் மூன்றோடும் வந்தது. கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் ஆட்டோகான்ஃபின் சோதனைகளில் ஒரு காலத்தில் பாதி இந்தக் கணக்கெடுப்பாகவே இருந்தது போல எனக்கு நினைவு.

யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பாசிக்ஸின் 2001ஆம் ஆண்டுத் தரத்தில் கெட்ஹோஸ்ட்பைநேமுக்குக் காலாவதி முத்திரை குத்தினார்கள். 2008 தரத்தில் நீக்கியே விட்டார்கள். இருந்தும் இன்றைக்கும் எல்லா லினக்ஸிலும் எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆகும். அதனால்தான் கல்லூரி ஆய்வக நோட்டுகளில் சாக்கெட் பாடம் இன்னும் இதிலேயே தொடங்குகிறது. பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐபிவி4 மட்டும் போதும், ஒரே திரெட் என்றால் அவசரமாகப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. புதிதாக எழுதும் ஒரு வரியில்கூட இதைச் சேர்க்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்புக் காரணமும் ஒன்று உண்டு. 2015 ஜனவரி 27 அன்று குவாலிஸ் நிறுவனம் 'கோஸ்ட்' என்று பெயரிட்டு வெளியிட்ட ஓட்டை இந்த ஃபங்ஷன் வழியாகத்தான் எட்டக்கூடியதாக இருந்தது. கொடுத்த பெயர் எண்களும் புள்ளிகளும் மட்டும் கொண்டதா என்று பார்க்கும் ஒரு உள் ஃபங்ஷன் பஃபரின் அளவைத் தவறாகக் கணக்கிட்டது. வழிந்தது 4 அல்லது 8 பைட்தான். அதை வைத்தே எக்ஸிம் மெயில் சர்வரைத் தொலைவிலிருந்து கைப்பற்றலாம் என்று காட்டினார்கள். 2000 நவம்பரில் வந்த ஜிலிப்சி 2.2 முதல் அந்தப் பிழை இருந்திருக்கிறது. 2013 மே மாதமே திருத்திவிட்டார்கள், ஆனால் பாதுகாப்புப் பிழை என்று யாரும் அடையாளம் காணாததால் பல நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்குத் திருத்தம் போகவில்லை.

இதைக் கேட்டுவிட்டு 'அப்போ கெட்அட்ர்இன்ஃபோதான் பாதுகாப்பு' என்று முடிவு கட்டினால் அதுவும் சரியில்லை. 2016 பிப்ரவரி 16 அன்று வெளியான, சிவிஇ-2015-7547 என்ற பட்டியல் எண் கொண்ட ஓட்டை கெட்அட்ர்இன்ஃபோவின் மேலேயே வந்தது. ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் ஒன்றாகக் கேள்வி அனுப்பும் இடத்தில், ஸ்டாக்கில் ஒதுக்கிய 2048 பைட்டுக்கு மேல் பதில் வந்தால் வழிந்தது. கூகுளும் ரெட் ஹேட்டும் தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சேர்ந்து திருத்தினார்கள். பாதுகாப்பை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. நூலகத்தைப் புதுப்பித்து வைப்பதுதான் அங்கே வழி.

சரி, கெட்அட்ர்இன்ஃபோ. 1997இல் ஆர்எஃப்சி 2133இல் அறிமுகமாகி, 2553 வழியாக, 2003இல் ஆர்எஃப்சி 3493இல் நிலைபெற்றது. இதன் பெரிய நன்மை, சாக்கெட் திறக்கத் தேவையான எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தருவது. முகவரிக் குடும்பம், சாக்கெட் வகை, புரோட்டோகால், முகவரி, அதன் நீளம் என்று எல்லாம் உள்ளே இருக்கும். அப்படியே எடுத்து சாக்கெட், கனெக்ட் இரண்டுக்கும் கொடுத்துவிடலாம். ஐபிவி4, ஐபிவி6 என்று நிரலில் எங்கேயும் பிரித்து எழுத வேண்டியதில்லை. போர்ட் பெயரையும் இதுவே பார்த்துக்கொள்வதால் என் நிரலில் இருந்த கெட்செர்வ்பைநேம் அழைப்பும் போய்விட்டது. விடை நமக்கே சொந்தமான நினைவகத்தில் வரும், ஃப்ரீஅட்ர்இன்ஃபோ சொல்லி விடுவிக்க வேண்டும். திரெட்டுகளுக்கிடையே சண்டை இல்லை.

குழிகள் இல்லாமலில்லை. நான் அடிக்கடி பார்ப்பது சாக்கெட் வகையை நிரப்பாமல் விடுவது. அந்த இடத்தைப் பூஜ்யமாக விட்டால் ஜிலிப்சி ஒவ்வொரு முகவரியையும் மூன்று முறை தரும். ஸ்ட்ரீமுக்கு ஒன்று, டேட்டாகிராமுக்கு ஒன்று, ராவுக்கு ஒன்று. 'ஒரே முகவரி ஏன் மூன்று தடவை வருகிறது, டிஎன்எஸ் கெட்டுப்போய்விட்டதா' என்று பதறிக் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டாவது, முதல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவது. வருவது ஒரு சங்கிலி, அதற்கு ஒரு வரிசை உண்டு. எந்த முகவரியை முதலில் முயல வேண்டும் என்பதற்கான விதிகள் 2012இன் ஆர்எஃப்சி 6724இல் இருக்கின்றன. லினக்ஸில் காய்.கான்ஃப் கோப்பில் அந்த விதிகளைத் திருத்தலாம். இணைப்பு கிடைக்கும்வரை சங்கிலியில் வரிசையாக இறங்கிப் போவதுதான் சரியான பயன்பாடு. ஐபிவி6 முகவரி முதலில் வந்து, அந்த வழி எங்கோ அடைபட்டிருக்க, நிரல் அதோடு நின்றுவிட்டால் 'ஐபிவி6ஐ அணைத்து வையுங்கள்' என்று யாராவது யோசனை சொல்லிவிடுவார்கள். ஐபிவி6 மிக அதிகமாகப் புழங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இங்கே உட்கார்ந்துகொண்டு அதை அணைக்கச் சொல்வது வேடிக்கை. சுற்றை ஒழுங்காக எழுதினாலே போதும்.

மூன்றாவது, பிழை எண்கள். இது தரும் பிழை எர்நோ அல்ல, கை_ஸ்ட்ரெர்ரர் கொண்டுதான் படிக்க வேண்டும். விடையில் ஈஏஐ_சிஸ்டம் வந்தால் மட்டும் எர்நோவைப் பார்க்கலாம். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்பதும் 'இப்போது பதில் கிடைக்கவில்லை, பிறகு கேள்' என்பதும் தனித்தனி எண்களாக வருகின்றன. முதலாவதற்கு மறுபடி மறுபடி முயல்வதில் பயனில்லை. இரண்டாவதற்கு முயலாமல் விடக் கூடாது. பெரும்பாலான நிரல்கள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகின்றன.

இன்னொரு சின்ன விநோதம். முகவரியை எண்ணாகவே கொடுத்தால் பழைய விதிப்படி, பூஜ்யத்தில் தொடங்கும் பகுதியை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். அழகுக்காக 010.0.0.1 என்று எழுதி வைத்தால் அது 8.0.0.1 ஆகிவிடும். பட்டியலை நேராக அடுக்குவதற்குப் பூஜ்யம் சேர்க்கும் பழக்கமுள்ளவர்கள் கவனம்.

இதுவரை சொன்னதை வைத்து 'கெட்அட்ர்இன்ஃபோ போடு, வேலை முடிந்தது' என்று சொல்லிவிடலாம். பத்தில் ஒன்பது நிரல்களுக்கு அது போதும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் அந்தப் பத்தாவது நிரலில் கேள்வியே வேறு. எந்த ஃபங்ஷன் என்பது பின்னால் வரும் விஷயம். முதலில் கேட்க வேண்டியது, நான் இந்தக் கணினியைக் கேட்கிறேனா, டிஎன்எஸ்ஸைக் கேட்கிறேனா என்பது. அடுத்தது, பதில் வரும்வரை யார் காத்திருப்பது என்பது.

முதல் கேள்வி பலருக்கு வேடிக்கையாகத் தோன்றும், இரண்டும் ஒன்றுதானே என்று. ஒன்றில்லை. கெட்ஹோஸ்ட்பைநேமும் கெட்அட்ர்இன்ஃபோவும் கேட்பது கணினியை. லினக்ஸில் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் 'ஹோஸ்ட்ஸ்' என்று தொடங்கும் வரி என்ன வரிசை சொல்கிறதோ அதன்படி தேடும். முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பு, பிறகு உள்ளூர் நெட்வொர்க்கில் தனி சர்வர் இல்லாமல் கேட்கும் எம்டிஎன்எஸ், பிறகு டிஎன்எஸ் என்று அந்தக் கணினியின் நிர்வாகி எப்படி எழுதி வைத்தாரோ அப்படி. டிஎன்எஸ்ஸுக்குப் போகும்போதும் நாம் கொடுத்த பெயரையே கேட்கும் என்பதில்லை. ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 'சர்ச்' என்ற வரி இருந்தால் குட்டைப் பெயரோடு அந்த டொமைன்களை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கும்.

டிக் இதில் எதையும் செய்யாது. ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது, நாமாகச் சொன்னாலொழிய சர்ச் வரியைப் பயன்படுத்தாது. நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும். என் நிரலின் ஏழெட்டு விநாடி மர்மம் இங்கேதான் இருந்தது. அமைப்புக் கோப்பில் சர்வரின் குட்டைப் பெயர்தான் இருந்தது. சர்ச் வரியில் முதலாவதாக இருந்ததோ, நிறுவனம் எப்போதோ கைவிட்ட ஒரு பழைய டொமைன். அதற்கான சர்வர்கள் உயிரோடில்லை. உள்ளூர் டிஎன்எஸ் சர்வர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் களைத்து, 'முடியவில்லை' என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது டொமைனுக்கு முறை வரும். அங்கே உடனே விடை கிடைத்துவிடும். முழுப்பெயர் கொடுத்து டிக்கில் கேட்டவனுக்கு இந்தக் கதை தெரியவே வராது. நிரலைப் போலவே கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கெட்என்ட் கட்டளையில் 'அஹோஸ்ட்ஸ்' என்று கொடுக்க வேண்டும். அது கெட்அட்ர்இன்ஃபோ வழியாகவே போகும்.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் வேலை செய்பவர்களுக்கு இதே கதை பெரிய அளவில் தெரிந்திருக்கும். அங்கே பாடுகளுக்குள் (நிரல் ஓடும் கன்டெய்னர் கட்டுகளுக்குள்) என்டாட்ஸ் மதிப்பு 5 என்று வைத்திருப்பார்கள், வழக்கமான மதிப்பு 1. ஐந்து புள்ளிகளுக்குக் குறைவான எந்தப் பெயருக்கும் முதலில் சர்ச் டொமைன்களை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான பெயருக்கு வரும். மூன்று சர்ச் டொமைன்கள், ஒவ்வொன்றுக்கும் ஐபிவி4க்கு ஒன்று, ஐபிவி6க்கு ஒன்று, கடைசியில் உண்மையான பெயருக்கும் அதே இரண்டு என்றால், வெளியில் உள்ள ஒரே ஒரு தளத்தைக் கண்டுபிடிக்க எட்டுக் கேள்விகள். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இத்தனையும் நின்றுவிடும். ஒரு புள்ளிக்கு இவ்வளவு மதிப்பா என்று முதல் தடவை நம்பவே முடியவில்லை.

அப்போ டிஎன்எஸ்ஸை நேராகக் கேட்பது எப்போது சரி? கெட்அட்ர்இன்ஃபோ தராத ஒன்று வேண்டுமென்றால். மெயில் சர்வரைக் காட்டும் எம்எக்ஸ் பதிவு, சேவையைக் காட்டும் எஸ்ஆர்வி, டிஎக்ஸ்டி ஆகிய எதையும் அது தராது. ஒரு விடை எத்தனை விநாடிக்குச் செல்லும் என்ற டிடிஎல் எண்ணையும் தராது. அதனால் கெட்அட்ர்இன்ஃபோ கொடுத்த முகவரியை நிரலுக்குள் சேமித்து வைத்துக்கொள்பவர்கள் எல்லோரும் குத்துமதிப்பாக ஒரு காலத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். மெயில் அனுப்பும் நிரல் எழுதுகிறீர்கள் என்றால் ரெஸ்_குவெரி அல்லது தனி நூலகம் தவிர வேறு வழி இல்லை. ரெஸ்_குவெரி எங்கும் கிடைக்கும். ஆனால் அது தருவது பச்சையான டிஎன்எஸ் பொட்டலம், பிரித்துப் படிப்பது நம் பொறுப்பு. அதற்கும் உதவி ஃபங்ஷன்கள் உண்டு. இருந்தாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பைட்டுகளை சி மொழியில் கையால் பிரிப்பது எனக்குத் தூக்கம் கெடுக்கும் வேலை. விடை போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பத்தை நிரலே சரிபார்க்க வேண்டுமென்றால் லிப்அன்பவுண்ட் நூலகம்.

மற்றபடி, பயனர் பெயர் ஒன்றைக் கொடுத்து 'இதனோடு இணை' என்று சொன்னால் கணினியைக் கேட்பதுதான் மரியாதை. ஹோஸ்ட்ஸ் கோப்பில் அவர் எழுதி வைத்ததை மதிக்காத நிரலை எந்த நிர்வாகியும் மன்னிக்க மாட்டார்.

இரண்டாவது கேள்வி, காத்திருப்பது யார். கெட்அட்ர்இன்ஃபோவுக்கும் கால வரம்பு கொடுக்க இடமில்லை. பழைய பிஎஸ்டி வழக்கம் அப்படியே தொடர்கிறது. ஜிலிப்சியில் ஒரு சர்வருக்கு 5 விநாடி, இரண்டு சுற்று என்பது முன்னிருப்பு. ரிசால்வ்.கான்ஃபில் இதைக் குறைக்கலாம், ஆனால் அது கணினி முழுவதற்கும் பொருந்தும். ஒரு கட்டளை எழுதுகிறீர்கள், பயனர் காத்திருப்பார் என்றால் பிரச்சினை இல்லை. என் நிரலைப் போல ஒரே திரெட்டில் ஐம்பது இணைப்புகளைப் பார்த்துக்கொள்வது என்றால், ஒரு பெயருக்காக ஐம்பதும் நிற்கும்.

பழைய தந்திரம் ஒன்று உண்டு. அலாரம் வைத்து, சிக்னல் வந்ததும் லாங்ஜம்ப் செய்து ஃபங்ஷனின் நடுவிலிருந்தே குதித்து வெளியே வருவது. கர்ல் நூலகமே ஒரு காலத்தில் இதைத்தான் செய்தது. திரெட் உள்ள நிரல்களில் இது வெடிக்கும் என்பதால்தான் 'நோசிக்னல்' என்று ஒரு விருப்பத்தேர்வு அதில் இருக்கிறது. நீங்கள் இதை முயல வேண்டாம். திரெட்டை நடுவில் ரத்து செய்வதும் ஏறக்குறைய அதே கதைதான். உள்ளே ஒதுக்கிய நினைவகம் சிந்திவிடும்.

ஒழுங்கான வழிகள் மூன்று. ஒன்று, கெட்அட்ர்இன்ஃபோவை ஒரு தனித் திரெட்டில் ஓடவிட்டு, விடை வந்ததும் ஒரு பைப் வழியாக முக்கிய சுற்றுக்குச் சொல்வது. அவசரம் என்றால் அந்தத் திரெட்டை மறந்துவிட்டு மேலே போகலாம், அது முடிந்ததும் தானே துடைத்துக்கொள்ளும்படி எழுதிவிட வேண்டும். இரண்டு, கெட்அட்ர்இன்ஃபோ_ஏ. இது ஜிலிப்சியில் மட்டும் உண்டு. உள்ளே அதுவும் திரெட்டுகளைத்தான் வைத்திருக்கிறது. ஓடத் தொடங்கிவிட்ட கேள்வியை அதனால்கூட ரத்து செய்ய முடியாது. நாமே திரெட் எழுதுவதைவிடப் பெரிதாக எதுவும் மிச்சமாகாது, மேக்கிலோ பிஎஸ்டியிலோ கம்பைலும் ஆகாது. பெயர் கவர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று, சி-ஏரிஸ். கிரெக் ஹட்சன் எம்ஐடியில் எழுதிய ஏரிஸ் நூலகத்திலிருந்து கர்லின் டேனியல் ஸ்டென்பெர்க் கிளைத்தது இது. திரெட் எதுவும் இல்லாமல், சாக்கெட்டுகளை, பல இணைப்புகளை ஒன்றாகக் கவனிக்கும் நம் ஈபோல் சுற்றிலேயே வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பெயர்களை ஒரே நேரத்தில் கேட்கலாம். கால வரம்பு நம் கையில். நடுவில் ரத்து செய்யலாம். டிடிஎல் கிடைக்கும். நெட்வொர்க் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் இதைத்தான் பயன்படுத்துகிறது. விலை என்னவென்றால், இது ஹோஸ்ட்ஸ், ரிசால்வ்.கான்ஃப் இரண்டையும் தானே படித்துக்கொள்கிறது, ஆனால் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் வரிசையில் வரும் என்எஸ்எஸ் செருகுகளை அழைக்காது. எம்டிஎன்எஸ் செருகு வழியாகத் தெரியும் 'பிரின்டர்.லோக்கல்' இதற்குத் தெரியாமல் போகலாம்.

திரெட் வழி, சி-ஏரிஸ் வழி இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் நோட்.ஜேஎஸ் நல்ல எடுத்துக்காட்டு. அதன் டிஎன்எஸ் பகுதியில் 'லுக்அப்' என்பது கெட்அட்ர்இன்ஃபோவைத் திரெட் குழுவில் ஓடவிடுகிறது, 'ரிசால்வ்' என்பது சி-ஏரிஸ் வழியாகப் போகிறது. ஒரே பெயருக்கு இரண்டும் வெவ்வேறு விடை தரும்போது புதியவர்கள் குழம்பிப்போகிறார்கள். திரெட் குழுவில் முன்னிருப்பாக நான்கே திரெட்டுகள், கோப்பு வேலைகளுக்கும் அதே நான்குதான். பழைய பதிப்புகளில் நான்கு மந்தமான பெயர்கள் வந்தால் கோப்பு படிப்பதும் நின்றுபோகும். நீங்கள் திரெட் வழியைத் தேர்ந்தெடுத்தால் இந்த எண்ணை யோசித்து வையுங்கள்.

உலாவிகள் செய்வது போல ஐபிவி6, ஐபிவி4 இரண்டையும் கால் விநாடி இடைவெளியில் முயன்று முந்துவதை எடுத்துக்கொள்ளும் முறை வேண்டுமென்றால் 2017இன் ஆர்எஃப்சி 8305 படிக்கலாம். அதில் ஒரு சிக்கல். இரண்டு பதில்களும் வந்த பிறகுதான் கெட்அட்ர்இன்ஃபோ திரும்பும். ஒன்று வந்ததுமே தொடங்கிவிட வேண்டுமென்றால் சி-ஏரிஸ் பக்கம்தான் போக வேண்டும்.

ஆல்பைன் கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சிறிய லினக்ஸில் இருக்கும் சி நூலகம் மஸ்ல், ஜிலிப்சி அல்ல. என்எஸ்ஸ்விட்ச் கோப்பை அது பார்ப்பதே இல்லை. ரிசால்வ்.கான்ஃபில் உள்ள எல்லா சர்வர்களையும் ஒரே நேரத்தில் கேட்டு முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும். அதனால் 'முதல் சர்வர் உள்ளூர்ப் பெயர்களுக்கு, இரண்டாவது வெளிப் பெயர்களுக்கு' என்று வைத்திருந்த ஏற்பாடு அங்கே குலைந்துபோகும். யுடிபியில் அடங்காத பதிலை டிசிபியில் மறுபடி கேட்கும் வசதி 2023இல் 1.2.4 பதிப்பில்தான் வந்தது. மறுபக்கம், ஒரே பைனரியாகக் கட்டுவதற்கு மஸ்ல் சுகம். ஜிலிப்சியோடு அப்படிக் கட்டினால், ஓடும் இடத்திலும் அதே பதிப்பு ஜிலிப்சி வேண்டும் என்று லிங்க்கர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பலர் படிப்பதில்லை.

இனி கெட்நெட்பைநேம். இதற்கு நேரான மாற்று எதுவும் இல்லை, அதனால்தான் இதில் நான் அதிகம் யோசித்தேன். நெட்வொர்க்ஸ் கோப்பில் 'லூப்பேக் 127.0.0.0' போன்ற வரிகள் இருக்கும். பெயரைக் கொடுத்தால் நெட்வொர்க் எண்ணைத் தரும். ரூட், நெட்ஸ்டாட் போன்ற பழைய கட்டளைகள் இதைப் பயன்படுத்தின. பாசிக்ஸில் இன்னும் இருக்கிறது, நீக்கவில்லை. ஆனால் அது தரும் ஸ்ட்ரக்டைப் பாருங்கள். பெயர், மாற்றுப்பெயர்கள், வகை, எண். நெட்வொர்க் எவ்வளவு பெரியது என்று சொல்லும் மாஸ்க் எங்கே? இல்லை. ஏ, பி, சி என்று வகுப்புகள் இருந்த காலத்தில் எண்ணைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும். அளவைச் சாய்கோட்டு எண்ணால் தனியாகச் சொல்லும் சிடர் முறை 1993இல் வந்த பிறகு 10.20.0.0 என்றால் அது /16ஆ, /20ஆ, /24ஆ என்று எண் மட்டும் சொல்லாது. அனுமதிப் பட்டியலுக்கு இதைவிட முக்கியமான தகவல் வேறு என்ன?

என் நிரலை எழுதியவர் பழைய வகுப்பு முறைப்படி மாஸ்கைக் கணக்கிட்டிருந்தார். 10இல் தொடங்குவதால் /8. ஒரு கிளை அலுவலகத்துக்கு அனுமதி என்று நினைத்து எழுதிய வரி, 10இல் தொடங்கும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட முகவரிகளுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது.

பைட் வரிசையும் சேர்ந்து குழப்பும். கெட்நெட்பைநேம் தரும் எண் ஹோஸ்ட் வரிசையில் (அந்தக் கணினியின் சொந்த பைட் வரிசையில்) இருக்கும். அதன் தம்பி போன்ற கெட்செர்வ்பைநேம் தரும் போர்ட்டோ நெட்வொர்க் வரிசையில் (நெட்வொர்க்கில் அனுப்பும் பைட் வரிசையில்) இருக்கும். கெட்ஹோஸ்ட்பைநேம் தரும் முகவரியும் நெட்வொர்க் வரிசைதான். ஒரே குடும்பம், ஒரே காலம், ஆனால் ஒன்று மட்டும் தலைகீழ். நெட்வொர்க் பெயர்களை டிஎன்எஸ்ஸில் வைக்கவும் 1989இல் ஆர்எஃப்சி 1101 வழி சொன்னது, யாரும் பெரிதாகப் பின்பற்றவில்லை. யாரும் போகாத பாதையில் முள் வளரும் என்பது போல, அந்த டிஎன்எஸ் வழியில் ஜிலிப்சிக்குள் முடிவில்லாச் சுற்று ஒன்று ஒளிந்திருந்து, சிவிஇ-2014-9402 என்ற எண்ணோடு வெளியே வந்தது. ஐபிவி6 இங்கேயும் கிடையாது. இதற்கு என் தீர்ப்பு கடுமையானது. அமைப்புக் கோப்பிலேயே 10.20.0.0/20 என்று எழுதச் சொல்லுங்கள், சாய்கோட்டுக்கு முன்னுள்ள முகவரியை மட்டும் இன்எட்_பிடான் கொண்டு படியுங்கள், மாஸ்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டுமென்றால் அந்தக் கோப்பிலேயே ஒரு பெயர் கொடுங்கள்.

கடைசியாக நமக்கே உரிய ஒரு விஷயம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே உயர்நிலை டொமைன்கள் இருக்கின்றன. டிஎன்எஸ் கம்பியில் போவது தமிழ் எழுத்தல்ல, பியூனிகோட் என்ற முறையில் மாற்றிய லத்தீன் எழுத்துக் கோவை. கெட்ஹோஸ்ட்பைநேமுக்கு இந்த மாற்றம் தெரியாது. கெட்அட்ர்இன்ஃபோவுக்கும் தானாகத் தெரியாது, ஜிலிப்சியில் ஏஐ_ஐடிஎன் கொடி போட்டால்தான் செய்யும். அதற்கும் நிரலின் தொடக்கத்தில் செட்லொகேல் அழைத்திருக்க வேண்டும், கணினியில் லிப்ஐடிஎன்2 நூலகம் இருக்க வேண்டும். மற்ற நூலகங்களோடு ஓடவும் வேண்டுமென்றால் லிப்ஐடிஎன்2வை நீங்களே அழைத்து மாற்றிவிட்டு, வந்ததைக் கெட்அட்ர்இன்ஃபோவிடம் கொடுப்பது நிம்மதி.

என் நிரலுக்கு நான் எடுத்தது தனித் திரெட்டில் கெட்அட்ர்இன்ஃபோ. ஒரே ஒரு சர்வர், நாளைக்குச் சில நூறு இணைப்புகள், சி-ஏரிஸ் கொண்டுவரும் அளவுக்கு வேலை இல்லை. எப்போதாவது ஆயிரம் கடைகளின் பெயர்களை ஒரே நேரத்தில் கேட்கும் நிலை வந்தால் மாற்றிக்கொள்வேன். அனுமதிப் பட்டியல் சாய்கோட்டு எண்ணோடு எழுதப்பட்டது, நெட்வொர்க்ஸ் கோப்பை இப்போது யாரும் தொடுவதில்லை. சர்ச் வரியிலிருந்த அந்தப் பழைய டொமைனை நீக்கிய அன்றே பழைய நிரலும் உறையாமல் ஓட ஆரம்பித்துவிட்டது. புதியதை எழுதி முடிக்க அப்புறம் மூன்று வாரம் ஆனது.